மழை வந்தால் நிற்கும் ஜீப்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். செந்துறையிலிருந்து அரியலூர் போகிற ரோடு. நல்ல மழை. நடு ரோட்டில் என் ஜீப் நின்றுவிட்டது.

நின்றால் என்ன, இறங்கித் தள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? பக்கத்து சீட்டில் விஜயா உட்கார்ந்திருந்தாள். என் மனைவி. செந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அவளுக்கு வீசிங் உண்டு. மழைக்காலம் வந்தால் போதும்... நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி இழுக்க ஆரம்பித்துவிடும். வழக்கமாக வாயில் அடித்துக்கொள்கிற பஃப்புக்கு அடங்காவிட்டால் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துப் புகை மாஸ்க் வைத்தே ஆக வேண்டும். அன்றைக்கு அடங்கவில்லை. அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். ம்ஹூம். வைப்பர் பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது.

விஜயா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். வீசிங்காரர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் — அந்த நேரத்தில் அவர்களால் ஒரு முழு வாக்கியம் பேச முடியாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டும்.

"பதட்டப்... படாதீங்க" என்றாள்.

யார் யாருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை!

இறங்கிப் போய் பானட்டைத் திறந்தேன். எனக்கு அங்கே என்ன தெரியும்? சும்மா நாலு ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் வெள்ளைச் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. கையைக் காட்டினேன். ஒரு லாரியும் நிற்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மழையில் பிரேக் அடித்தால் லோடு லாரி எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

திரும்பி வந்து ஏறினேன். அவள் உதடு நிறம் மாறுகிற மாதிரித் தெரிந்தது. நிஜமாகவே மாறியதா, என் பயமா... இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆள், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு.

இருபது நிமிடம் போனது. மழை விட்டது. வேறு வழி தெரியாமல் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எஞ்சின் ஓட ஆரம்பித்தது!

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம் தெரியாமல் நின்ற வண்டி, காரணம் தெரியாமல் கிளம்பியும்விட்டது. அப்படியென்றால் இன்னொரு நாளும் நிற்கும்தானே?

இந்த வயதில் உமக்கு எதற்கு ஜீப் என்று பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வழக்கமாக எனக்குக் கடிதம் போடுகிற நீங்கள் கேட்பீர்கள். ஆண்டிமடத்துப் பக்கம் விஜயா வீட்டுச் சொத்தாக ஒரு சின்ன முந்திரித் தோப்பு இருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் மணல். கார் போனால் புதையும். பைக்கில் போனால் நான் விழுவேன். அதனால் போன கோடையில் லெப்பைக்குடிக்காட்டு அமீர் பாயிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கினேன். துபாயிலிருந்து வந்த மகன் புது வேன் எடுத்துவிட்டதால் பாய்க்கு ஜீப் தேவைப்படவில்லை. மேலே தகரக் கூரை, உள்ளே ரெக்சின் சீலிங், நல்ல இழுவை. கோடை முழுக்க ஒரு குறை சொல்ல முடியாது.

மறுநாளே பன்னீரின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். பன்னீர் அரியலூரில் என் மெக்கானிக். நிதானமான ஆள். அரை நாள் பார்த்தார்.

"காயில் நல்லாருக்கு. பாயிண்ட் நல்லாருக்கு. கார்பரேட்டரையும் கழுவி மாட்டிட்டேன். வண்டியில ஒண்ணும் இல்லீங்க சார்."

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"நிக்கறப்ப கொண்டாங்க, பாப்போம்."

நிற்கிற வண்டியை எப்படி ஐயா கொண்டு வருவது? டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி என் ஜீப்பும் ஒர்க்‌ஷாப் வாசலில் சமர்த்தாக ஓடியது.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் ஒரு விஷயம் உறைத்தது. மழை பெய்தபோதுதான் ஜீப் நின்றது, மழை விட்டதும் கிளம்பிவிட்டது. மழை பெய்தால்தான் விஜயாவுக்கு மூச்சு இழுக்கிறது. அதாவது எப்போது இந்த வண்டி கட்டாயம் வேண்டுமோ, அப்போது மட்டும் இது ஓடாது.

பஸ் இல்லையா? இருக்கிறது. நெருக்கியடித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று போக வேண்டும். மூச்சு கிடைக்காமல் தவிக்கிறவளை அதில் எப்படி ஏற்றுவது? ஊரில் இருக்கிற ஒரே டாக்ஸிக்காரர் எப்போது கேட்டாலும் பெரம்பலூர் சவாரியில்தான் இருப்பார். ஐப்பசி பாதிகூட முடியவில்லை. கார்த்திகை முழுசாகக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் பல் விளக்காமல் வானத்தைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

அடுத்த வாரம் விக்கிரமங்கலத்தில் ஒரு வேலை. தனியாகத்தான் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு தரைப்பாலத்தில் இறங்கினேன். கணுக்கால் அளவுக்கு ஓடைத் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்புக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா என்று பாதி தூரம் போயிருப்பேன்... நின்றுவிட்டது.

முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. சக்கரத்தை உரசிக்கொண்டு செந்தண்ணீர். கூரை மேல் படபடவென்று மழை. இறங்கி ஓடலாமா, உள்ளேயே இருக்கலாமா? உள்ளேயே இருந்தால், மேலே எங்கேயாவது ஏரி உடைத்துக்கொண்டு மொத்தமாக வந்தால்?

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சந்தன வாசனை!

மூடிக் கிடக்கிற ஜீப்புக்குள், ஓடைக்கு நடுவில், மழையில் — சந்தனம். மெதுவாகப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் அந்த வியாழக்கிழமை ரோட்டில் நின்றபோதும் இதே வாசனை எனக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி விஜயாவிடம் கேட்டும் பார்த்தேன். "எனக்குத்தான் மூக்கே அடைச்சிருந்துச்சே, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ஆக, வாசனை எனக்கு மட்டும்தான். எனக்கு மட்டும் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? பேய் பிசாசெல்லாம் மூட நம்பிக்கை என்று இதே பக்கத்தில் வீராப்பாக எழுதியவன்தான் நான். அதையெல்லாம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். ஓடைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதவில்லை.

கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் ஏதோ சொட்டியது. துள்ளிவிட்டேன். மறுபடி ஒரு சொட்டு. குனிந்து பார்த்தால், காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஓடைத் தண்ணீர் கீழேயிருந்துதானே வரும்? இது மேலேயிருந்து, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சொட்டுகிறது.

மழை குறைந்து, அரை மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அமீர் பாய்க்குப் போன் போட்டேன். மழையில் வண்டி நிற்பதைச் சொல்லிவிட்டு, சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க... இந்த ஜீப்புல யாருக்காச்சும்... எதாச்சும்... உசுரு கிசுரு..."

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ன சார் பேசுறீங்க? ஒரு கோழிகூட அடிபட்டதில்ல சார் அந்த வண்டியில. வண்டி ஒழுவுதா? மேல ஓட்டையெல்லாம் அடைச்சிட்டீங்கதானே?"

"அதெல்லாம் அப்பவே அடைச்சாச்சு பாய்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னீரை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் சொட்டுகிறது என்றதுமே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாக்கி. "மேல நாலு கொடம் ஊத்திப் பாத்துரலாம் சார்" என்றார்.

"மேல ஊத்துனா எல்லா எடமும் ஒரே நேரத்துல நனைஞ்சிடுமே பன்னீர், அப்புறம் எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள் விஜயா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப்புக்குள் அடிக்கிற ஈர நெடி அவளுக்கு ஆகாது. "கீழேருந்து ஆரம்பிங்க. ஒவ்வொரு எடமா நனைச்சுக்கிட்டே மேல போங்க."

"டீச்சர் சொன்னா சரிதாங்க" என்றார் பன்னீர்.

பள்ளிக்கூடத்து நீலச் சாக்பீஸ் நாலைந்து எடுத்து வந்தாள். ஜீப்புக்கு உள்பக்கம், கண்ணாடி ஓரம், கதவு ஓரம், ரெண்டு பக்கத் தூண், எல்லா இடத்திலும் பட்டையாகக் கோடு தேய்க்கச் சொன்னாள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறதோ அந்தக் கோடு அழியும். இவ்வளவுதான் விஷயம்.

உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டியவன் நான். கதவைச் சாத்தினார்கள். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு வாசல், பத்தடி தூரத்தில் மனைவி. ஆனாலும் பன்னீர் முதல் குடத்தைச் சாய்த்ததும் என் கை தானாகப் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது.

பெடல் பக்கத்து ஓட்டை — காய்ந்து கிடந்தது. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் — ஒன்றுமில்லை. கண்ணாடி ரப்பரைத்தான் பன்னீர் ரொம்பச் சந்தேகப்பட்டார். மூன்று குடம் ஊற்றினார். கோடு அப்படியே இருந்தது. கதவு ரப்பரில் லேசாகக் கசிந்தாலும் தண்ணீர் வெளியே ஓடிவிட்டது.

"சார், இப்ப கூரை!" என்று குரல் கொடுத்துவிட்டு ஊற்றினார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் டிரைவர் பக்கத்துத் தூணில் நீலக் கோடு மேலேயிருந்து கரைந்துகொண்டே இறங்கியது. நேராக டேஷ்போர்டுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"வருது! வருது!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பன்னீர் உள்ளே தலையை விட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தடவினார்.

"இக்னிஷன் சுவிட்சு ஒயரு மேலயே ஊத்துது சார். இது நனைஞ்சா கரண்டு போவாது, வண்டி நின்னுரும். காஞ்சா தன்னால ஓடும்." கையை வெளியே எடுத்தவர் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "என்னங்க இது, வழவழன்னு இருக்கு? நொரை வருது..." முகர்ந்தார். "சந்தன சோப்பு வாசம் சார்!"

அவருக்கும் வாசனை வந்தது! அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

சந்தோஷம் அந்த ஒரு நொடிதான். ரெக்சின் சீலிங்கை அவிழ்த்துப் பார்த்தால், கூரைத் தகரத்தில் நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் பாதி கரைந்த சோப்புக் கட்டி. அதற்கு மேலே விரிசல் விட்ட பட்டிப் பூச்சு, பூச்சுக்கு மேலே பளபளவென்று பெயிண்ட்.

இங்கே நான் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த ஓட்டைகளை எனக்குத் தெரியும். எலக்‌ஷன் பிரசாரத்துக்குப் பாய் வாடகைக்கு விட்டபோது, கூம்பு ஸ்பீக்கர் மாட்டுகிற ஃபிரேமுக்காகப் போட்ட ஓட்டைகள். விற்கும்போதே பாய் காட்டினார். "மழைக்கு முன்னாடி வெல்டு வெச்சு அடைச்சிருங்க சார், மறந்துறாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நானும் மறக்கவில்லை. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு பெரம்பலூரில் ஒரு பெயிண்டரிடம் விட்டேன். வெல்டு வைக்க வேண்டுமானால் சீலிங்கை முழுசாகக் கழற்ற வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். பூஜைக்கு வாசலில் வண்டி நிற்க வேண்டாமா? புதுப் பெயிண்ட், சந்தனப் பொட்டு, மாலை, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்... எதிர் வீட்டுக்காரர் பார்க்க வேண்டாமா? பூஜைக்கு முன்னால், வெளியே தெரியாமல் எப்படியாவது முடித்துக் கொடுங்கள் என்றேன். முடித்துக் கொடுத்தார்.

பெயிண்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"பெட்ரோல் டேங்க்கு ஒழுவுனாகூட சோப்புதாங்க வெக்கிறோம். பெட்ரோலே தாங்குது!" என்றார்.

"தண்ணி தாங்குமாய்யா? குளிக்கறப்ப சோப்பு கரையறதை நீ பாத்ததே இல்லையா?"

பவ்யமாகச் சொன்னார்: "வெளிய தெரியாம பண்ணிக் குடுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? ஒழுவாம பண்ணுன்னு நீங்க சொல்லலயே."

போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எதிர் வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு விஜயாவின் மூச்சைப் பணயம் வைத்திருக்கிறேன். அவளிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இருமல் நிற்கிறவரை நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாளில் பன்னீர் முறைப்படி செய்தார். சோப்பைச் சுரண்டி எடுத்து, சுற்றி ஈரச் சாக்குப் போட்டு, நாலு ஓட்டைக்கும் தகடு வைத்து வெல்டு அடித்தார். சுவிட்ச் ஒயரை மாற்றி, தண்ணீர் படாத பக்கமாகத் தள்ளிக் கட்டினார். பெயிண்ட் நிறம் சேரவில்லை. கூரையில் நாலு தழும்பு பளிச்சென்று தெரிகிறது. இருபது குடம் ஊற்றிப் பார்த்தோம். சாக்பீஸ் கோடு ஒரு இடத்தில்கூட அழியவில்லை.

ஒழுகல் நின்றுவிட்டது. என் பயம் நின்றதா? "இப்ப எப்படி இருக்கு? மூச்சு சரியா வருதா? மேகம் போட்டிருக்கு, உனக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டேன். "நல்லாத்தாங்க இருக்கேன்" என்பாள் ஒவ்வொரு தடவையும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை. மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்த மழை அன்றைக்கு வெளுத்து வாங்கியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பஃப் அடித்தாள். கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஜீப்பில் ஏற்றினேன்.

அந்த ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் எண்ணினேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் காதைத் தீட்டிக்கொண்டேன். வெள்ளைச் சேறு, லாரி, மழை எல்லாம் அன்றைக்கு மாதிரியே. வைப்பர் மட்டும் நிற்கவில்லை. ஜீப்பும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் நிறுத்தினேன்.

உடனே மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"இன்னும் அரை மணி நேரம் தள்ளிப் போயிருந்தா கஷ்டமாயிருக்கும் சார். மூணு நாளா இழுப்பு இருந்திருக்கு. வெள்ளிக்கிழமையே ஏன் கூட்டிட்டு வரல?"

மூன்று நாளா? நான் விஜயாவைப் பார்த்தேன். அவள் மாஸ்க்குக்குள் இருந்துகொண்டு சுவரைப் பார்த்தாள்.

அவர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. "தெனம் பத்துத் தடவ கேட்டேனே. ஏன் சொல்லல? இன்னும் ஜீப்பு நின்னுடும்னு பயமா?"

மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"ஜீப்பு... நின்னா நிக்கட்டும். அன்னிக்கு... நீங்க அழுதீங்க பாருங்க... எனக்கு மூச்சு போனதுகூடப் பெருசாத் தெரியல. இவரை... யாரு பாத்துக்குவான்னுதான்... பயந்து போயிட்டேன். மறுபடி... அந்த மூஞ்சியப் பாக்க முடியாதுன்னுதான்... அடக்கிப் பாத்தேன்."

மாஸ்க்கைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

என் பயத்தைத்தான் இத்தனை வருடமாக நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துத் தடவை விசாரிக்கிற புருஷன், எவ்வளவு அக்கறை! ஆனால் வீட்டில் ஒருவன் இந்த அளவுக்குப் பயந்து சாகிறான் என்றால், வலிக்கிறவர்கள் வாயைத் திறப்பார்களா? தங்கள் வலியோடு அவன் பயத்தையும் சேர்த்துச் சுமப்பார்கள். மூன்று நாள் அவள் அப்படித்தான் சுமந்திருக்கிறாள்... காலையில் எனக்கு இட்லி அவித்துப் போட்டுக்கொண்டே.

இப்போதெல்லாம் நான் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் கேட்கிறேன், அதுவும் பேப்பர் படித்துக்கொண்டே. அவளும் முதல் இருமலிலேயே, "லேசா இழுக்குதுங்க" என்று சொல்லிவிடுகிறாள். "அப்படியா? சரி, கெளம்பு, போயிட்டு வந்துடலாம்" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

முழங்கால் நடுங்குவது வேட்டிக்குள் தெரியாது. நல்லவேளையாக, நான் எழுதுவதை அவள் படிப்பதும் கிடையாது... நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.